நான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த கறுப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். முப்பத்திரண்டு வயது வரைக்கும் கறுப்பு என்பது ஒரே ஒரு நிறம் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். (சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ஆண்களைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். தெரியும்.) தார் கறுப்பு, காகம் கறுப்பு, குடை கறுப்பு. இவ்வளவுதான் என் நிறஞானம். இந்த ஞானத்தோடு நான் ஒரு தையற்காரியைக் கலியாணம் முடித்தேன். அதிலும் அபாயா தைக்கிற தையற்காரி.

நஸீமாவுக்குக் காத்தான்குடியில் தாய் கொடுத்த வீடு. முன் அறையில் ஜன்னலோரமாகத் தையல் மெஷின். அந்த வீட்டையும் அவளையும் இரண்டு வயது மகள் ஹனாவையும் விட்டுவிட்டு நான் கட்டாருக்குப் போனேன். டோஹாவில் கட்டடங்களின் மொட்டை மாடிகளில் ஏறிக் குளிரூட்டி திருத்துகிற வேலை. உள்ளே இருப்பவர்களுக்குக் குளிர், மேலே இருக்கிற எனக்கு வெயில். மூன்று வருடம் ஊருக்கு வரக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் கதைப்போம். ஹனாவைப் பொறுத்தவரை வாப்பா என்பவர் போனுக்குள் குடியிருக்கும் ஒருவர். எனக்கு அவள் வைத்த பெயரே 'போன் வாப்பா'. பேசிக்கொண்டிருக்கும்போது பற்றரி இறங்கித் திரை இருண்டால், "உம்மா, வாப்பா நூந்துட்டார்!" என்று கத்துவாளாம். (விளக்கு அணைவதை எங்கள் பக்கத்தில் நூருதல் என்போம்.) நஸீமா இதைச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாவது வருடம், மார்கழியில் ஒரு மாத விடுமுறை சரிவந்தது. அதே மாதத்தில் அடுத்த ஒழுங்கையில் ஸீனத் மாமி வீட்டுக் கலியாணம். மணமகளும் தங்கைமாரும் மச்சிமாருமாக ஏழு பெண்களுக்கு ஒரே மாதிரி அபாயா வேண்டும். மாமியின் தம்பி டோஹாவிலிருந்து அனுப்பிய பருத்தித் துணி நாலு பேருக்குத்தான் காணும். மிச்சம் மூன்று பேருக்கு?

"என்ட மச்சான் வரக்குள்ள கொண்டு வருவார்," என்று நஸீமா வாக்குக் கொடுத்துவிட்டாள். (மச்சான் என்றால் நான்தான்.) அதுவரை அவளுக்குக் கை குறைப்பது, கரை மடிப்பது போன்ற சில்லறை வேலைகள்தான் வந்துகொண்டிருந்தன. ஸீனத் மாமி திருப்திப்பட்டால் ஒழுங்கை முழுவதும் அவளிடம் வரும். மாமி முகம் சுளித்தாலும் ஒழுங்கை முழுவதும் அதை அறியும்.

ஊருக்குப் போய்த் திரும்பிய ஏறாவூர்க்காரர் ஒருவர் கையில் நஸீமா ஒரு கடித உறை கொடுத்தனுப்பினாள். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புத் துணித்துண்டு. கூடவே ஒரு சின்னப் பொட்டலம் கருஞ்சீரகம். அந்த வெள்ளிக்கிழமையே விசாரணை தொடங்கியது.

"மச்சான், துண்டு கிடைச்சா?"

"கிடைச்சிட்டு. கறுப்புத்தானே, வாங்கிட்டு வாறன்."

அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

"கறுப்புத்தானேயா? எந்தக் கறுப்பு?"

"அது என்ன எந்தக் கறுப்பு? கறுத்த கறுப்பு."

"அல்லாவே! நான் சொல்றன், கேளுங்க. காகக் கறுப்பு எடுத்திராதீங்க, வெயில் பட்டா நீலம் அடிக்கும். நாவப்பழக் கறுப்பு ஊதா. எள்ளுக் கறுப்புக்கு உள்ளுக்கு மண்ணிறம் இரிக்கி. சட்டிக்கரி எண்டா வெளிறல். ஆத்துச் சேத்துக் கறுப்பு வேணவே வேணாம், அதுல பச்சை ஓடும்."

"அப்ப எதுகா வேணும்?"

"கருஞ்சீரகக் கறுப்பு. அதுல வேற நிறம் ஒண்டும் ஒளிச்சிரிக்காது. அதுக்குத்தான் பொட்டலம் அனுப்பினன். துண்டையும் அதையும் கொண்டு போய்க் கடையில வெச்சுப் பாருங்க."

அவள் என்னவோ நிறத்தைத்தான் சொன்னாள். எனக்கு ஒரு நிறமும் மனதில் நிற்கவில்லை. காகம் என்றதும் எங்கள் கிணற்றடிக் கமுகில் விடியக்காலை கத்துகிற காகம் வந்தது. சட்டிக்கரி என்றதும் பின் அடுப்படியில் குனிந்து நின்று அவள் சட்டி தேய்க்கும் சத்தம் வந்தது. ஆற்றுச் சேறு என்றதும் (வாவியைத்தான் நாங்கள் ஆறு என்கிறோம்) முழங்கால் வரை புதைந்து இறால் தேடித் திரிந்த இடமும், காலை இழுக்கும்போது வருகிற அந்த மணமும் வந்தன. "விளங்கிச்சா?" என்று அவள் கேட்டபோது, "ஓம், ஓம், நல்லா விளங்கிச்சு," என்றேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை.

என் அறைத் தோழன் தவராசா. பெரியகல்லாற்றுக்காரன், கட்டடங்களுக்குப் பெயின்ற் அடிப்பவன். இரண்டே நாளில் அவன் அந்தக் கருஞ்சீரகத்தை மீன் குழம்பில் போட்டுவிட்டான்.

"டேய், அது நிறம் பாக்க வந்ததுடா!"

"எனக்கென்னடா தெரியும்? வெந்தயம் முடிஞ்சு போச்சு, இது கிடந்துது," என்றான். குழம்பு ருசியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நானும் இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

இனித் துண்டு மட்டும்தான் மிச்சம். அதைத் தொலைத்துவிடக் கூடாது என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மற்றவர்களிடம் சொன்ன காரணம் அது. உண்மைக் காரணம் வேறு. அந்தத் துண்டில் எங்கள் வீட்டு மணம் இருந்தது. வியாழக்கிழமைகளில் நஸீமா போடும் சாம்பிராணியும், மெஷின் எண்ணெயும், எப்படியோ அதில் ஒட்டிக்கொண்ட கொஞ்சம் தேங்காயெண்ணெயும். மொட்டை மாடியில் வேலைக்கு நடுவே அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வேன். யாராவது பார்த்தால் வியர்வை துடைப்பதுபோல் நடிப்பேன். இப்படியே நாலு மாதம் போனது.

ஊருக்குப் புறப்படும் கிழமை, தவராசாவையும் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எந்த நாட்டவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் ஹிந்தியும் அரபும் கலந்து பேசினார். நாங்கள் அதோடு தமிழையும் கலந்தோம். கறுப்பு என்று சொன்ன உடனே பன்னிரண்டு துணிச் சுருள்களை எடுத்து மேசையில் அடுக்கினார். பன்னிரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. நான் நடுவில் இருந்ததைத் தொட்டேன்.

"கையை எடு," என்றான் தவராசா. "பதினொரு வருசமாப் பெயின்ற் அடிக்கிறவன் நிக்கிறன். குழல் லைற்றுல நிறம் பாக்கிறவன் விசரன். வெயிலுக்கு வா."

துண்டை ஒவ்வொரு சுருளோடும் சேர்த்துப் பிடித்து, வாசலுக்குப் போய், ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணை மூடி, தலையைச் சரித்து, அவன் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைக்காரர் பயந்து அவனுக்குத் தேநீர் கொடுத்தார். ஒன்பதாவது சுருளில் அவன் முகம் மலர்ந்தது.

"இந்தா. நூலுக்கு நூல் இதுதான். ஒரு மயிரிழை வித்தியாசம் சொல்லு பாப்பம்?"

உண்மையில் ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை. துண்டைத் துணியில் வைத்தால் துண்டு காணாமல் போனது. மூன்று அபாயாவுக்குரிய துணியை வெட்டி வாங்கிக்கொண்டு, உலகத்தையே வென்றவன்போல் வெளியே வந்தேன்.

ஊருக்கு வந்து இறங்கியது ஒரு பின்னேரம். அடைமழை. முச்சக்கர வண்டியின் கறுப்புப் படங்கை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தால் நஸீமா வாசலில் குடையோடு நின்றாள். குடையை விரிக்க மறந்து, மடித்த குடையோடு நனைந்துகொண்டு நின்றாள். மூன்று வருடமாக என்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்த எனக்கு வாயில் வந்தது, "துணி நனையப் போகுது," என்பதுதான். (என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடப் பெரிதாக என்ன வரும்?)

ஹனா மெஷினுக்குப் பின்னால் ஒளிந்தாள். என்னைப் பார்த்தாள், மேசையில் கிடந்த போனைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். பிறகு தாயிடம் கேட்டாள்:

"உம்மா, இவர் எப்ப போவார்?"

இரண்டாம் நாள் நான் கூடத்தில் இருந்தபோது என் போன் அடித்தது. நஸீமாவின் நம்பர். உள்ளறையில் ஹனா தாயின் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது கதவிடுக்கால் தெரிந்தது. விளங்கிவிட்டது. சத்தம் காட்டாமல் எழுந்து, மழையோடு மழையாகக் கிணற்றடிக்குப் போய்த் தாழ்வாரத்தில் நின்று எடுத்தேன்.

"போன் வாப்பா, எங்கட வீட்டுல ஒரு மனிசன் வந்து இரிக்கார்."

"அப்படியா மகள்? என்ன மாதிரி மனிசன்?"

"உங்கள மாதிரித்தான். ஆனா பெரிசு."

"அவரோட கதைச்சிப் பாருங்களேன்."

"ஏலா. நீங்க வந்து அவர அனுப்பிருங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

வந்த அன்றைக்கே நஸீமா துணியை வெட்டினாள். அடுத்த எட்டு நாளும் மழை விடவில்லை. பகலிலும் வீட்டுக்குள் அந்தி மாதிரி இருந்தது. அவள் தைத்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தைப்பதைப் பார்த்தேன். கைகளின் ஓரங்களில் வெள்ளி நூலால் ஒரு பூவேலை. ஏழு அபாயாவும் முடிந்து மடித்து வைத்தபோது எனக்கு ஏழும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவளுக்கும் அந்த இருட்டில் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

கலியாணத்துக்கு ஏழு நாள் இருக்கையில், பெண் வீட்டார் ஏறாவூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வருகிற நாள் வந்தது. ஏழு பெண்களும் புது அபாயா உடுத்துப் போவதாக ஏற்பாடு. வாசலில் வேன் நின்றது. ஒழுங்கைச் சனம் வேலிகளில் நின்றது. நான் மணமகளின் தகப்பனோடு கதிரை போட்டு உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி விரிவுரை நடத்திக்கொண்டிருந்தேன். (மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம்.)

"காக்கா, கறுப்பு எண்டா சும்மா இல்ல. அதுல நூறு வகை இரிக்கி. வெயில்ல புடிச்சுப் பாத்துத்தான் எடுக்கணும். நான் பன்னிரண்டு சுருளை வெயிலுக்குக் கொண்டு போய்ப் பாத்தனான்."

"ஓ, அப்படியா?" என்றார் அந்த நல்ல மனிதர்.

பெண்கள் படியிறங்கி முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். அந்த நேரம் பார்த்து, ஒன்பது நாளாக வராத வெயில் வந்தது.

நாலு பேர் கறுப்பில் நின்றார்கள். மூன்று பேர் வேறு எதிலோ நின்றார்கள். பச்சை கலந்த, மண்ணிறம் கலந்த, ஆற்றில் நீர் வற்றியபின் கரையில் கிடக்கிற சேற்றின் நிறம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணமகள் அந்த மூவரில் ஒருத்தி என்பதை எப்படிச் சொல்வேன்! ஸீனத் மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"நஸீமா," என்றார், "இதுகள் ஒரு வீட்டுப் புள்ளைகளா, ரெண்டு வீட்டுப் புள்ளைகளா?"

அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் சிரித்தது. என் மகள். மணமகளின் தகப்பன் என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "வெயில்ல புடிச்சுப் பாத்த எண்டல்லவா சொன்னீங்க?" என்று கேட்டார். கதிரையோடு சேர்த்து என்னை நிலம் விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. மழையில் நன்றாக ஊறிய நிலம், முயன்றிருந்தால் முடிந்திருக்கும்.

ஏழு அபாயாவையும் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் நஸீமா ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் அனுப்பின துண்டு எங்க?"

நான் வீறாப்போடு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை என் துணியின் வெட்டுத்துண்டில் வைத்தாள். துண்டு காணாமல் போனது. "பாத்தியா!" என்றேன். அவள் அதை எடுத்து மாமியின் துணியில் வைத்தாள். அதில் அது பழைய தும்புத் தடிபோல் வெளிறிக் கிடந்தது. துண்டும் மாமியின் துணியும் ஒரே சுருளில் இருந்து வெட்டியவை.

"இத எங்க வெச்சிருந்தீங்க?"

"பொக்கட்டுல."

"எவ்வளவு நாளா?"

"வந்த நாள்ல இருந்து. நாலு மாசம்."

"வெயிலுக்குள்ளயா?"

"ஓம். வேலைக்கும் போடுற சட்டைதானே."

"கழுவினீங்களா?"

"சட்டையோட சேந்து... ஒரு பத்துத் தரம் கழுவுப்பட்டிருக்கும்."

அவள் துண்டை மூக்கில் வைத்துப் பார்த்தாள். நான் ஏன் அதைப் பையில் வைத்திருந்தேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால், "தும்மினன்," என்பாள்.

பிறகு திரும்பாமலே சொன்னாள்: "நானும் பிழைதான். எந்தத் துணி வந்தாலும் வளவுக்குக் கொண்டு போய் வெளிச்சத்துல பாத்துத்தான் கத்திரி வெப்பன். வந்த அண்டைக்கு நான் துணியப் பாக்கல்ல. உங்களத்தான் பாத்துக்கிட்டு இரிந்தன்."

மூன்று வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அதுதான். அதை அனுபவிக்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை. "எழும்புங்க, கலியாணத்துக்கு ஏழு நாள்தான் இரிக்கி," என்றாள்.

காத்தான்குடிக் கடைகளையும் புளியந்தீவுக் கடைகளையும் இரண்டு நாள் சல்லடை போட்டோம். காகம் கிடைத்தது, நாவற்பழம் கிடைத்தது, எள்ளும் சட்டிக்கரியும் கிடைத்தன. அதற்குள் எனக்குக் கறுப்புகள் பிரிந்து தெரியத் தொடங்கியிருந்தன. (கண் திறந்த நேரத்தைப் பாருங்கள்!) மாமியின் கறுப்பு மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு நெசவுக்காரர் சாயப்பொடி தந்தார்.

"உப்புப் போட்டுக் காய்ச்சுங்க. அதைவிடக் கழுவுறதுதான் முக்கியம். ஏழு தண்ணி கழுவணும். கடைசித் தண்ணி குடிக்கலாம் போல தெளியணும். விளங்கிச்சா?"

"ஓம், ஓம், நல்லா விளங்கிச்சு," என்றேன்.

வளவில் கல்லடுப்பு மூட்டி, கலியாணச் சோறு ஆக்கும் ஓட்டைக் கிடாரம் ஒன்றுக்கு அடைப்புப் போட்டு, மூன்று அபாயாவையும் இறக்கி, தோணி தள்ளும் கோலால் நான் கிண்டினேன். வெள்ளி நூல் கறுத்துவிடும் என்பதால் அதை முதலில் பிரிக்க வேண்டியிருந்தது. போனில் தவராசா மேற்பார்வை. "நல்லாக் கிண்டு மச்சான், அடி பிடிச்சிரும்!" என்றான். "இது சோறில்லடா," என்றேன். "உன்ட கையில எதுவும் அடி பிடிக்கும்," என்றான்.

வெளியே எடுத்துப் பார்த்தால், அல்ஹம்துலில்லாஹ், என்ன கறுப்பு! கருஞ்சீரகமே பொறாமைப்படும். நஸீமா மூன்றையும் மற்ற நாலோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது விழுந்தது.

"இப்ப இந்த நாலும் வெளிறிப் போய்த் தெரியுது."

ஆகவே அந்த நாலின் பூவேலையையும் பிரித்து, அவற்றையும் கிடாரத்தில் இறக்கினோம். கையுறை என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தைக்கிற கை கறுக்கக் கூடாது என்று அவளைக் கிட்ட விடாமல் நானே பிழிந்தேன், நானே அலசினேன். முழங்கை வரை கறுத்துப் போனேன்.

அலசும் வேலை கிணற்றடியில். முதல் தண்ணீர் மை. இரண்டாம் தண்ணீர் மை. மூன்றாம் தண்ணீர் கோப்பி. ஹனா தூரத்தில் குந்தியிருந்து, கறுப்புத் தண்ணீர் வளவால் ஓடி வாய்க்காலில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து பன்னிரண்டு நாளாகியும் அவள் என்னை நேராகக் கூப்பிட்டதில்லை. எதுவென்றாலும் தாயிடம் 'இவர்' என்றுதான் சொல்வாள். நாலாவது வாளியை நான் தூக்கும்போது பின்னால் ஒரு குரல்:

"வாப்பா, இந்தத் தண்ணி ஆத்துக்கா போகுது? போய்ப் பாப்பமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். போன் பக்கத்தில் எங்கும் இல்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு தண்ணீர் என்று நெசவுக்காரர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. நாலாவது தண்ணீரில் ஏழையும் ஒரு முக்கு முக்கிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். என் கறுத்த கைக்குள் அவள் கை இருந்தது. மாரித் தண்ணீர் கரை முட்டி நின்றது. வாய்க்கால் வாயில் கறுப்புத் தண்ணீரைத் தேடினோம். அது எங்கேயோ கரைந்து போயிருந்தது. ஒரு பட்ட மரத்தில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவள் கேட்டாள், நான் சொன்னேன். பொழுது சாயும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வரும்போது நஸீமா, "வடிவாக் கழுவினீங்கதானே?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

அது பொய். ஆனால் அதைச் சொன்னபோது மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மிச்ச நாட்கள் மூவரும் முன் அறையில்தான். கொடி கட்டி ஏழு அபாயாவும் வீட்டுக்குள்ளேயே காய்ந்தன. சுடுதண்ணீரில் துணி இரண்டு விரல் சுருங்கியிருந்தது. நல்லவேளை, நஸீமா கரையில் மடிப்பு விட்டிருந்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன், ஹனா விழுந்த நூலைப் பொறுக்கினாள், நஸீமா பூவேலையைத் திரும்பப் போட்டாள். பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போகிறேன், அங்கே கூட்டிப் போகிறேன், இங்கே கூட்டிப் போகிறேன் என்று நான் மூன்று வருடமாகப் போனில் அளந்தது ஒன்றும் நடக்கவில்லை.

கலியாணத்தன்று வெயில் கொளுத்தியது. ஏழு பேரும் மண்டபத்து வாசலில் வந்து இறங்கினார்கள். ஏழும் ஒரே கறுப்பு. எந்த வெயிலுக்கும் அசையாத கறுப்பு. ஸீனத் மாமி நஸீமாவின் கையைப் பிடித்து, "பரவாயில்ல புள்ள," என்றார். மாமியின் வாயிலிருந்து வருவதற்கு அது பெரிய பட்டம்.

ஆண்கள் பக்கத்தில் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கையால் சாப்பிடுவது எங்கள் வழக்கம். நான் கையைக் கழுவிவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, சோற்றுக்குள் கையை நீட்டினேன். ஐந்து கைகள் அந்தரத்தில் நின்றன.

"கராஜ்ல வேலையா தம்பி?" என்றார் ஒருவர்.

"இல்ல காக்கா, சாயம். போகாது. சோத்துலயும் ஒட்டாது," என்றேன்.

யாரும் நம்பவில்லை. என் பக்கத்து இறைச்சி முழுவதும் எனக்கே கிடைத்தது.

அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. பிறகு நஸீமா சொல்லித்தான் விவரம் தெரியும். கதிரைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்து ஏழு பெண்களும் எழுந்தபோது, ஏழு வெள்ளைக் கதிரைகளில் ஏழு கறுத்த முதுகுகள் மிஞ்சியிருந்தன. முதுகுகள் மட்டுமல்ல, உட்கார்ந்த இடமும். மணமகளுடைய கதிரையில் கொஞ்சம் கூடுதலாக. ஸீனத் மாமி ஒவ்வொரு கதிரையாகக் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துக்கொண்டே போனாராம். ஏழாவதுக்கு வந்து நிமிர்ந்து, சபையைப் பார்த்துச் சொன்னாராம்:

"ஏழும் ஒரே கறுப்புத்தான். அதுல குறை சொல்ல ஏலா."

மண்டபம் சிரித்தது. மாமியும் சிரித்தார். மணமகளும் சிரித்த பிறகுதான் நஸீமாவுக்கு மூச்சு வந்தது. அன்று பின்னேரம் அவள் என்னைக் கேட்டாள், "எத்தனை தண்ணி கழுவினீங்க?"

"நாலு."

"மிச்சம் மூணு?"

"ஹனா ஆத்துக்குக் கூப்பிட்டாள். வாப்பா எண்டு கூப்பிட்டாள்."

கதிரைச் சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து இருவருமாகத் துவைத்தோம். மிச்சமிருந்த இரண்டு கிழமையும் மழையும் தையலுமாகப் போனது. மாமியைத் தொடர்ந்து ஒழுங்கையில் நாலைந்து பேர் நஸீமாவிடம் வந்தார்கள். எல்லோரும் போட்ட ஒரே நிபந்தனை: "அவர் தொட வேணாம்."

திரும்பிப் போனபோது டோஹா விமான நிலையத்தில் விரல் ரேகை பார்க்கும் இயந்திரம் என் கறுத்த விரலை ஏற்க மறுத்தது. அதிகாரி துடைக்க ஒரு தாளைத் தந்தார். துடைத்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது, விரலும் கறுப்பாகவே இருந்தது. நாலாம் தரம் எப்படியோ உள்ளே விட்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் ஹனா போனை எடுத்தவுடன் கேட்பது, "கையக் காட்டுங்க." இரண்டு கிழமையில் தோலில் இருந்த சாயம் போய்விட்டது. நகங்களில் மட்டும் நின்றது. நகம் வளர வளர, அடியில் வெள்ளை ஏறி, கறுப்பு நுனிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கேட்டாள்:

"கறுப்பு முடிஞ்சா வருவீங்களா?"

நான் யோசிக்காமல், "ஓம் மகள்," என்று சொல்லிவிட்டேன்.

நகம் இவ்வளவு வேகமாக வளரும் என்று எனக்குத் தெரியாது. நாலு மாதத்தில் பெருவிரல் நுனியில் ஒரு பிறை மட்டும் மிஞ்சியது. அதை வெட்டாமல் வைத்திருந்தேன். குளிரூட்டி மூடியைக் கழற்றும்போது அதுவும் ஒடிந்து போனது. அடுத்த விடுமுறைக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் தவராசாவிடம் கறுப்புப் பெயின்ற் கேட்டேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை. சின்னத் தூரிகையால் என் பெருவிரல் நகத்தின் நுனியில் பிறைபோல் ஒரு கோடு இழுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அச்சு அசல்," என்றான்.

வெள்ளிக்கிழமை கையைக் காட்டினேன். ஹனா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போய்ப் பார்த்தாள். திரை முழுக்க அவளுடைய ஒரு கண்தான் தெரிந்தது.

"வாப்பா," என்றாள், "இது அந்தக் கறுப்பு இல்ல."

தையற்காரியின் மகள். அவளை ஏமாற்ற முடியுமா? நான் கையை மடக்கிக்கொண்டேன். அவள் அழவில்லை. அந்தப் பக்கம் நஸீமாதான் மெஷினை நிறுத்திவிட்டு வந்து போனை வாங்கினாள்.

அதற்குப் பிறகும் இரண்டு தரம் போய் வந்துவிட்டு ஒரேயடியாக ஊரோடு வந்துவிட்டேன். இப்போது காத்தான்குடியில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறேன். தவராசாவும் பெரியகல்லாற்றுக்கு வந்துவிட்டான். கலியாண வீடுகளில் இந்தக் கதையை அவன்தான் சொல்வான். அவன் சொல்லும்போது கடையில் சுருள்கள் முப்பதாகிவிடும். எங்கள் வீட்டில் யாராவது 'இந்தா வாறன்', 'அடுத்த கிழமை வாறன்' என்று வாக்குக் கொடுத்தால் மற்றவர்கள் உடனே சொல்வது, "எங்க, நகத்தக் காட்டுங்க பாப்பம்!"

ஹனாவுக்கு இப்போது பதினெட்டு. கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு மாதமாக வீட்டுக்கு வரவில்லை. இந்த வெள்ளி வருகிறேன் என்றாள், பிறகு பரீட்சை தள்ளிப் போய்விட்டது, அடுத்த வெள்ளி நிச்சயம் என்றாள். நேற்றுப் பின்னேரம் வீடியோவில் வந்தபோது நான் சொன்னேன்:

"எங்க, நகத்தக் காட்டுங்க மகள்."

சிரித்துக்கொண்டே பெருவிரலை நீட்டினாள். நகத்தின் நுனியில் பேனையால் ஒரு பிறை இழுத்திருந்தாள். நஸீமா மெஷினை விட்டு எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் தோளுக்கு மேலால் குனிந்து நீண்ட நேரம் அதைப் பார்த்தாள்.

"இது நீலம்," என்றாள்.